கேணியில் கப்பி விடுவதற்கு முன்: உச்சியில் வெள்ளிப் பொட்டுள்ள சிறு மீனை அடையாளம் காண்பது எப்படி?

மாரி ஓய்ந்த தை மாதத்து ஒரு காலை. மடத்துவெளியில் எங்கள் பழைய வளவுக்குப் பின்னால் உள்ள கேணிக்கரையில் நானும் என் பேத்தியும் நின்றோம். வேலணையிலிருந்து வாணர் பாலம் கடந்து புங்குடுதீவுக்கு வந்தவர்களுக்கு மடத்துவெளி தெரிந்த இடம்தான். 1991 இடப்பெயர்வில் நாங்கள் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போன வளவு அது. இன்று கதவும் இல்லை, நிலையும் இல்லை. கேணி மட்டும் இருக்கிறது. படிக்கட்டின் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. மழைக்குப் பிறகு அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

அயலில் இருக்கும் ஒரு தம்பி பொலித்தீன் பையில் ஐம்பது, அறுபது கப்பி மீன்களோடு வந்தான். என்னிடம் விஞ்ஞானம் படித்தவன்.

"சேர், டவுனில வாங்கினனான். நுளம்புக் குடம்பி ஒண்டையும் இது மிச்சம் வைக்காது. கேணிக்க விடுவம்."

நல்ல மனதோடு செய்கிற காரியம். நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில்தான் தண்ணீருக்குக் கிட்டக் குந்தியிருந்த பேத்தி கூப்பிட்டாள்.

"அம்மப்பா, இதுக்க ஏற்கனவே மீன் இருக்கு. தலையில சின்னதா லைட் மாதிரி எரியுது."

குனிந்து பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் அசையாமல் நின்றன, ஈர்க்குத் துண்டு அளவு மீன்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் வெள்ளியில் வைத்த பொட்டுப் போல ஒரு புள்ளி. சிறு வயதில் இதே கேணியில் சாரத்தை விரித்து நாங்கள் பிடித்த மீன்தான். பொடியன்கள் எங்களுக்குள் அதைப் 'பொட்டன்' என்று சொல்லுவோம். பெரியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். என் வளவுக் கேணியில் இருக்கும் மீனின் பெயர் எனக்குத் தெரியாது.

கப்பிப் பையைக் கட்டியபடியே வைக்கச் சொன்னேன். அன்று தொடங்கிய தேடலில் அறிந்தவற்றைத் தீவுப் பகுதி மக்களுக்கும், வடக்குக் கிழக்கில் குளம், கேணி திருத்தும் பணியில் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மூன்று சிறு மீன்கள், மூன்று அடையாளங்கள்

எங்கள் பக்கத்துக் குளம், கேணி, வாய்க்கால்களின் மேல்மட்டத்தில் நிற்கும் விரற்கடை மீன்கள் எல்லாவற்றையும் 'மீன்குஞ்சு' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவற்றில் பல குஞ்சுகளே அல்ல. அவை வளர்ந்து முடிந்த மீன்கள், அவ்வளவுதான் வளரும். அவற்றைப் பிரித்தறிய நிறத்தை நம்பக் கூடாது. செட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, பொட்டுள்ள மீன். இது அப்லோகைலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மீன் வளர்ப்பவர்கள் இதைப் பஞ்சக்ஸ் என்பார்கள். தலையின் மேற்பகுதி பலகை போலத் தட்டையாக இருக்கும். வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகுச் செட்டை சிறியது. முதுகின் நடுவில் இல்லாமல் வாலுக்குக் கிட்டப் பின்தள்ளி இருக்கும். வயிற்றுப் பக்கத்தில் உள்ள குதச் செட்டை நீளமானது. வால் விளிம்பு வட்டமானது. உச்சியில் ஒளிரும் புள்ளி இந்தப் பேரினத்தின் பொது அடையாளம். மேலிருந்து பார்த்தால் மீனின் உடல் தண்ணீரோடு கலந்துவிடும்; பொட்டு மட்டும் தெரியும். ஓரிடத்தில் அசையாமல் நின்று, இரை விழுந்ததும் பாயும். முட்டையை நீர்த்தாவரங்களின் வேரிலும் இலையிலும் ஒட்டிவிடும்.

இரண்டாவது, நெல்வயல் மீன் என்று சொல்லத்தக்க ஒரைசியஸ். நெல்லின் விஞ்ஞானப் பெயரான ஒரைசாவிலிருந்து வந்த பெயர் அது. இதன் உடல் கண்ணாடி போல ஊடு தெரியும். உள்ளே முள்ளும் குடலும் நிழலாகத் தெரியும். கண் பெரியது. இதற்கும் குதச் செட்டை நீளம், முதுகுச் செட்டை பின்தள்ளியது. ஆனால் உச்சிப் பொட்டு இல்லை. பெண் மீன் முட்டைகளைச் சிறிது நேரம் வயிற்றின் கீழே குலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதைக் காணலாம். உவர்நீரிலும் வாழும்.

மூன்றாவது, கப்பி. இது எங்கள் மீன் அல்ல. தென்னமெரிக்காவின் வடபகுதியையும் அதை ஒட்டிய கரிபியன் தீவுகளையும் சேர்ந்தது. முதுகுச் செட்டை ஏறக்குறைய நடுமுதுகில் இருக்கும். குதச் செட்டை குட்டையானது. ஆண் சிறியது, வாலில் நிறங்கள் இருக்கும். அதன் குதச் செட்டை குச்சி போல நீண்டு இனப்பெருக்க உறுப்பாக மாறியிருக்கும். பெண் சாம்பல் நிறம், வயிறு பருத்தது, வயிற்றின் பின்பக்கத்தில் ஒரு கருந்திட்டு. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஒரு பெண் மீன் ஒருமுறை இணைந்தால் அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பல தடவை குட்டி போடும். ஆகவே ஒரேயொரு பெண் கப்பி தப்பிப் போனாலும் ஒரு குளத்தை நிரப்பக் காணும். இதன் உறவான கம்பூசியா என்ற மீனும் நுளம்புக்காக உலகம் முழுவதும் கொண்டுசெல்லப்பட்டது. அது மற்ற மீன்களின் செட்டைகளைக் கடித்துக் குதறும் இயல்புள்ளது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பக்கூடிய இன்னொன்று, நான்கைந்து சென்ரிமீற்றர் வளரும் சிறு கெண்டையான புன்டியஸ் விற்றாற்றஸ். வாலின் அடியில் ஒரு கரும்புள்ளியும், முதுகுச் செட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடும் இருந்தால் அது இதுவாக இருக்கலாம். இது மேல்மட்டத்தில் அசையாமல் நிற்காது, கூட்டமாக ஓடித்திரியும்.

எந்தப் பஞ்சக்ஸ்?

பேரினம் தெரிந்தது. இனம் எது? இங்கேதான் வேலை கடினமாகிறது.

கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பக்கவாட்டில் எடுத்த படங்களை, விலங்கியல் படித்த என் பழைய மாணவி ஒருவருக்கு அனுப்பினேன். "அப்லோகைலஸ் தான் சேர், சந்தேகமில்லை. அளவையும் இடத்தையும் பார்த்தால் பார்வஸ் என்று நினைக்கிறன். ஆனால் கையில எடுத்துச் செதிலையும் செட்டை முள்ளையும் எண்ணாமல் அடிச்சுச் சொல்ல மாட்டன்" என்று பதில் வந்தது. நான் அவவுக்குப் படிப்பித்ததை விட, அந்த ஒரு பதிலில் அவ எனக்குப் படிப்பித்தது கூட.

பார்வஸ் என்றால் இலத்தீனில் 'சிறியது'. இந்த இனத்துக்கு 1916 இல் பெயர் வைத்தவர் சுந்தர ராஜ். சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இது முதலில் விவரிக்கப்பட்டது. பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் பணிப்பாளராக இருந்தவர் அவர். தென்னிந்தியாவின் கரையோரத் தாழ்நிலத்திலும் இலங்கையின் தாழ்நிலத்திலும் இது வாழ்கிறது. சற்று உப்பேறிய நீரையும் தாங்கும். நான்கு, ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. ஆணின் பக்கத்தில் முத்துப் போன்ற ஒளிப்புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண்ணின் முதுகுச் செட்டையின் அடியில் ஒரு கருந்திட்டு இருக்கும்.

அதற்கு ஐந்து வருடம் முன்னர், 1911 இல், கொச்சிப் பக்கத்திலிருந்து ஜேர்மனிக்குப் போன ஒரு சிறு பஞ்சக்ஸுக்கு ப்ளொக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் மிகவும் ஒத்தவை. அதனால் நெடுங்காலம் இரண்டையும் ஒரே மீனாகக் கருதியவர்களும் உண்டு. ஒன்றாகக் கருதியபோது 'இது எல்லா இடத்திலும் உள்ள மீன்' என்ற எண்ணமே மிஞ்சும். தனித்தனி என்று தெரிந்த பிறகுதான் எது எங்கே இருக்கிறது, எங்கே குறைகிறது என்று கேட்க முடியும்.

இலங்கைக்கு மட்டுமே உரிய பஞ்சக்ஸும் உண்டு. அப்லோகைலஸ் டேயி, தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலுள்ள ஓடைகளில் வாழ்வது. பார்வஸை விடப் பெரியது. வியன்னாவைச் சேர்ந்த ஸ்ரைன்டாக்னர் 1892 இல் இதற்குப் பெயர் வைத்தார். சென்னைப் படையில் மருத்துவராக இருந்துகொண்டே இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய பிரான்சிஸ் டேயின் நினைவாக அந்தப் பெயர். இந்த மீன் இன்று ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் 'அருகிய இனம்'. காடு வெட்டப்படுவதும், ஓடைகள் மாசுபடுவதும், வயலுக்கு அடிக்கும் மருந்தும் அந்த நிலத்துச் சிறு மீன்களைக் குறைத்துவருகின்றன.

எங்கள் கேணி மீன் அப்படி அருகிய இனம் அல்ல. அதை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பட்டியல் ஒரு நாட்டையோ உலகத்தையோ கணக்கில் எடுத்துத் தயாரிப்பது. ஒரு தீவில் உள்ள பத்துக் கேணிகளில் ஒரு மீன் இல்லாமல் போனால் அந்தப் பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது. தண்ணீரே அருமையாக உள்ள தீவில், ஒரு கேணியிலிருந்து இன்னொரு கேணிக்கு அது தானாகத் திரும்பி வருவதும் இலகுவல்ல. மாரி வெள்ளம் வாய்க்கால்களை இணைத்தால்தான் வழி. 'மழையோடு மீன் விழும்' என்று எங்கள் பாட்டிமார் சொன்னதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்த வெள்ளம்தான்.

ஒரு ஓடை, ஒரு மீன்: கலப்பிட்டமடக் கதை

சிறு மீனை அடையாளம் காண்பதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, கேகாலை மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லலாம்.

இலங்கைச் சிறு கெண்டைகளில் உலகம் முழுவதும் மீன் தொட்டிகளில் வளரும் அழகான இனங்கள் சில உண்டு. உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள் உள்ளது நிக்ரோபாசியாற்றா. இரண்டு பட்டைகள் உள்ளது கியூமிங்கி. இரண்டுக்கும் 1868 இல் லண்டனில் குந்தர் என்ற அறிஞர் பெயர் வைத்தார். இவற்றை ஒத்த, ஆனால் இரண்டிலும் சேராத ஒரு மீன் கலப்பிட்டமடப் பகுதியில் ஒரு சிறு ஓடையில் இருந்தது. ரப்பர் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் ஊடாக ஓடும் களனி கங்கைப் படுகையின் ஓடை அது. மொரிஸ் கொட்டலாவும் ரொஹான் பெத்தியகொடவும் 1991 இல் அதைப் புதிய இனமாக விவரித்துப் 'பந்துலா' என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில்தான் பெத்தியகொடவின் இலங்கை நன்னீர் மீன்கள் பற்றிய நூலும் வந்தது.

அந்த மீன் வேறெங்கும் இயற்கையாக அறியப்படவில்லை. சில கிலோமீற்றர் நீளமுள்ள ஒரே ஓடை. இன்று அது 'மிக அருகிய இனம்'. யாரும் அதைத் தனி மீன் என்று சொல்லாமல் இருந்திருந்தால், அந்த ஓடைக்கு மேல் ஒரு கிருமிநாசினிப் போத்தல் கழுவப்பட்ட நாளில் ஒரு இனமே முடிந்திருக்கும். முடிந்தது என்றும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெயர் வந்த பிறகுதான் ஓடைக்கரையில் மரம் நடுவதும், ஊரவர்களோடு பேசுவதும், வேறு பாதுகாப்பான ஓடைக்குச் சிலவற்றைக் கொண்டுபோவதும் பேச்சுக்கு வந்தன.

அடையாளம் காண்பதில் பிழை வருவதும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். செட்டை மஞ்சளாக உள்ளது கியூமிங்கி என்றும், சிவப்பாக உள்ளது வேறு இனம் என்றும் 2008 இல் பிரித்து, சிவந்ததற்கு ரேவல் என்று பெயர் வைத்தார்கள். 2021 இல் மரபணுவை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வு இரண்டும் ஒரே இனம்தான் என்று சொன்னது. பெயர் வைத்தவர்களில் சிலரே அந்த இரண்டாவது ஆய்விலும் இருந்தார்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பெயர் யாரிடம் கேட்கப்பட்டது?

இந்த மீன்களின் விஞ்ஞானப் பெயர்களைப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு ஒரு விடயம் உறைத்தது. பெத்தியா என்ற பேரினப் பெயர், சிறு கெண்டைகளுக்குச் சிங்கள ஊர்களில் வழங்கும் பெயர். செரி பார்ப் என்று உலகம் அறியும் சிவப்பு மீனின் பெயரான ரிற்றேயாவும், ஹொரதன்டியாவும், மல்புலுத்தாவும் அப்படியே. தெரணியகலவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஊராரிடம் பெயரைக் கேட்டு, அதையே விஞ்ஞானத்துக்குக் கொடுத்தார்கள். இது நல்ல வழக்கம். குறை சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெயர்களும் ஒன்றிரண்டு அப்படிப் போயிருக்கின்றன. திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றில் எடுத்த மீனை வைத்து, பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் 1844 இல் ஒரு கெண்டைக்குத் தெர்மாலிஸ் என்று பெயரிட்டார்; வெந்நீருக்கு உரியது என்று பொருள். வேறு இனங்களோடு கலந்து மறக்கப்பட்டிருந்த அந்தப் பெயரை 2012 இல் மீட்டார்கள். இன்று அது புன்டியஸ் தெர்மாலிஸ். எங்கள் பக்கத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள சிறு பரடைஸ் மீனின் பெயரான குபானஸ், புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து வந்தது.

ஆனால் வடக்கின் கேணி மீன்களுக்கு எங்கள் மூத்தோர் சொன்ன பெயர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? இலங்கைக்கே உரிய நன்னீர் மீன்கள் பெரும்பாலும் தென்மேற்கு ஈரவலயத்தில் இருப்பதால் ஆய்வாளர்கள் அங்கே கூடுதலாகப் போனது நியாயம்தான். அதோடு, வலையும் போத்தலும் தூக்கிக்கொண்டு ஒரு மாணவர் குளம் குளமாகத் திரியக்கூடிய காலமாகவும் எங்களுக்கு அந்த முப்பது வருடம் இருக்கவில்லை. பெயர் தெரிந்தவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். சிலர் கிளிநொச்சியில், சிலர் கொழும்பில், சிலர் பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் கண்மூடினார்கள். விரால், கெழுத்தி போன்ற கறி மீன்களின் பெயர்கள் சமையலோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டன. சமைக்காத மீனின் பெயர் கேணிக்கரையில் மட்டும் இருந்தது.

கப்பி நுளம்பைக் குறைக்காதா?

குறைக்கும்; குடம்பியைத் தின்னும். அதை மறுக்க வேண்டியதில்லை. நுளம்பு எங்களுக்குச் சின்னப் பிரச்சினையும் அல்ல. 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 இற்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது; அதே வருட முடிவில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகக்கூடியது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள்.

ஆனால் எந்த இடத்தில் எதை விடுவது என்பதுதான் கேள்வி. டெங்கு நுளம்பு பெரும்பாலும் டயர், சிரட்டை, பூச்சாடி, மூடாத தொட்டி போன்ற சிறு கலங்களில் முட்டையிடும். சற்று உப்பேறிய நீரிலும் அது பெருகுவதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கேணியில் கப்பி விட்டுவிட்டு முற்றத்து டயரை அப்படியே வைத்திருந்தால் டெங்கு குறையாது. இன்னொன்று, பஞ்சக்ஸும் குடம்பியைத் தின்னும் மீன்தான். மேல்நோக்கிய வாயும் மேல்மட்ட வாழ்வும் அதற்குத்தான் உதவுகின்றன. எங்கள் கேணியில் அந்த வேலையைச் செய்ய ஏற்கனவே ஆள் இருந்தது.

கப்பி வந்தால், அதே இரையைத் தேடும். மற்ற மீன்களின் முட்டையையும் பொரித்த குஞ்சையும் தின்னும். முட்டையை வேரில் ஒட்டிவிட்டுப் போகும் மீனுக்கு, குட்டி போடும் மீனோடு போட்டியிடுவது கடினம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. இடம்பெயர்ந்து இன்னொரு ஊரில் படிப்பித்த காலத்தில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊர்க் குளத்தில் நானே கப்பி விட்டேன். சுகாதார வாரம் என்று கைதட்டலும் கிடைத்தது. சில வருடம் கழித்து அந்தக் குளக்கரைக்குப் போனபோது, கரையோரம் முழுக்கக் கப்பி. வேறு சிறு மீன் என் கண்ணில் படவில்லை. அங்கே முன்னர் என்ன இருந்தது என்று நான் பார்த்திருக்கவில்லை. ஒரு தாளில் எழுதியும் வைக்கவில்லை. ஆகவே எதை அழித்தேன், அழித்தேனா இல்லையா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது.

செய்யக்கூடியவை

முதலில் பாருங்கள். காலை வெயில் ஏறுமுன் கேணிக்கரையில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் மேல்மட்ட மீன்கள் வெளியே வரும். உச்சிப் பொட்டு இருக்கிறதா, முதுகுச் செட்டை நடுவிலா பின்னாலா என்று பாருங்கள்.

படம் எடுங்கள். தெளிந்த கண்ணாடிப் போத்தலில் அதே கேணித் தண்ணீரை எடுத்து, ஒன்றிரண்டு மீனை மட்டும் விட்டு, பக்கவாட்டில் ஒரு படமும் மேலிருந்து ஒரு படமும் எடுங்கள். போத்தலோடு அடிமட்டம் ஒன்றைச் சாத்தி வைத்தால் அளவு தெரியும். ஆணும் பெண்ணும் வேறு மாதிரி இருக்கும் என்பதால் இரண்டையும் எடுப்பது நல்லது. நிழலில் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். அழகாக இருக்கிறது என்று இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டாம். எங்கள் மீனானாலும் அது பிழைதான்.

எழுதுங்கள். திகதி, ஊர், கேணியா குளமா துரவா, தண்ணீர் நல்லதா உவரா, எந்த மாதத்தில் வற்றும் என்பவற்றைப் படத்தோடு சேர்த்து வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொது இணையப் பதிவுகளில் ஏற்றினால் மீன் அறிந்தவர்கள் பார்ப்பார்கள். பல்கலைக்கழக விலங்கியல் துறைகளில் உள்ளவர்களிடமும் காட்டலாம். இடமும் திகதியும் இல்லாத படம் ஆய்வாளருக்கு அதிகம் உதவாது.

குளம் திருத்தும்போது கவனியுங்கள். புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியோடு தீவுப் பகுதியில் குளங்களும் கேணிகளும் தூர்வாரப்படுகின்றன. மிகவும் தேவையான பணி. ஆனால் கடும் கோடையில் முழுவதையும் ஒரே நாளில் பெக்கோ விட்டு வழித்து, சுற்றிவரச் சீமெந்துக் கட்டுக் கட்டினால் முட்டையிட ஒரு வேரும் மிஞ்சாது. ஒரு வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறு பாதி என்று செய்யலாம். அப்படி முடியாவிட்டால், ஆழமான ஒரு மூலையைத் தண்ணீரோடும் கரைச் செடியோடும் விட்டுவைக்கலாம். செலவு கூடாது.

கப்பி விடத்தான் வேண்டும் என்றால், வெள்ளத்தில் நிரம்பி வழியாத மூடிய சீமெந்துத் தொட்டியில் மட்டும் விடுங்கள். குளம், கேணி, வாய்க்கால், வயல் துரவு ஆகியவற்றில் வேண்டாம். வளர்த்து அலுத்த தொட்டி மீனைக் குளத்தில் கொட்டவும் வேண்டாம்.

விற்பதற்காகப் பிடிக்க வேண்டாம். சில உள்நாட்டு மீன்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் குற்றம். எது எது என்று தெரியாதபோது கை வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இனி

அந்தத் தம்பி கப்பிகளைத் தன் வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் விட்டான். அடுத்த ஞாயிறு அவனும் பேத்தியும் நானுமாகக் கேணியைச் சுற்றிக் கிடந்த சிரட்டைகளையும் யோகட் கோப்பைகளையும் இரண்டு உரப்பை நிறையப் பொறுக்கினோம். நுளம்புக்கு நாங்கள் செய்த உண்மையான வேலை அதுதான்.

பேத்தி ஒரு கொப்பியில் மீனின் படத்தைக் கீறி, அப்லோகைலஸ் என்று எழுதி, பக்கத்தில் பார்வஸ் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். கீழே 'ஊர்ப்பெயர்' என்று ஒரு வரி. அது வெறுமையாக இருக்கிறது. 'பொட்டன்' என்று எழுதட்டா என்று கேட்டாள். அது நாங்கள் நாலு பொடியன்கள் வைத்த பெயர், பொறு என்றேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் புங்குடுதீவு, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணை, காரைநகர் என்று தீவுப் பகுதியில் பிறந்த எழுபது, எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால், உச்சியில் வெள்ளிப் பொட்டுள்ள அந்தச் சிறு மீனை அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கையிலுள்ள போனில் படம் காட்டிக் கேளுங்கள். சொன்ன பெயரை, சொன்னவரின் ஊரோடு சேர்த்து எழுதி வையுங்கள். இரண்டு ஊரில் இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.